கணினி மிச்சம் பிடித்த கரண்ட்

ஒரு வீடு வருஷம் முழுக்கச் செலவழிக்கும் கரண்டைவிட, அதே வீட்டில் மிச்சம் பிடிக்கக்கூடிய கரண்ட் அதிகம் என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டைப் பற்றிக் கணினி அப்படித்தான் சொன்னது.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக, சென்னீர்குப்பத்தில் உள்ள எங்கள் சிறிய கான்கிரீட் வீட்டை எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ஏற்றினேன். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் என்ன மிச்சம் என்பது கேள்வி. வருஷத்துக்கு 1,050 யூனிட் என்று விடை வந்தது. பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்ட் கார்டை எடுத்து முன்னால் போட்டாங்க. "இதுல எங்கடா இருக்கு ஆயிரம் யூனிட்டு?" ஆறு ரீடிங்கையும் கூட்டினேன். மொத்தமே 980! வாங்காத கடனுக்கு வட்டி தள்ளுபடி கிடைத்த கதைதான்.

தப்பு என்னுடையது. மாதிரிக் கோப்பில் இருந்ததை அப்படியே விட்டிருந்தேன். அதில் நாள் முழுக்க ஏ.சி., 24 டிகிரி. எங்கள் வீட்டிலோ இரண்டே ஃபேன். வெயில், காற்று விவரமும் மீனம்பாக்கத்தினுடையது. கடற்காற்று பூந்தமல்லிப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமாகும் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா!

இது நம் ஊர்க் கூத்து மட்டுமல்ல. 2012-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர், ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் விவரங்களைப் பார்த்தார்கள். வீட்டைச் சூடாக்க ஆகும் என்று கணக்கிட்டதைவிட, மக்கள் செலவழித்தது சராசரியாக 30 சதவீதம் குறைவு. செலவே செய்யாததை எப்படி மிச்சம் பிடிப்பது?

கணினியைக் குறை சொல்ல வரவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் நாளெல்லாம் ஏ.சி. ஓடும் அலுவலகங்களுக்கு அது உதவும். அங்கேயும் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மாத பில்களோடு ஒப்பிட்டால் மொத்தப் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்கணும் என்கிறது ஆஷ்ரே வழிகாட்டி 14.

ஏ.சி.யை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். "அப்போ வெள்ளை அடிக்கிறதே தண்டம்" என்றான் கூடப் படிப்பவன். இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏப்ரலில் நானே மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எங்கள் வீட்டில் ஒன்று, அதேபோல் கட்டிய பக்கத்து வீட்டில் ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டர் மாட்டினேன். இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் 35, எங்கள் வீட்டில் 33. சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் இரண்டிலும் ஒரே அளவுதான். வாசலில் பாய் போட்டுக்கொண்டிருந்த பாட்டி இப்போது உள்ளே தூங்குறாங்க.

யூனிட்டையும் ரூபாயையும் மட்டும் பார்த்தால், ஃபேன் மட்டும் ஓடும் வீடுகளுக்கு எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காது. புராஜெக்ட் படிவத்தில் யூனிட்டுக்கு ஒரு கட்டம், ரூபாய்க்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரவு வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அடுத்த செட் தம்பி தங்கைகள் முதலில் கரண்ட் கார்டைப் பாருங்கள், பிறகு கணினியைத் தொடுங்கள். தெர்மாமீட்டர் இரண்டும் என்னிடம்தான் இருக்கு. வந்து வாங்கிக்கொள்ளலாம்.