அத்தாவிடம் கேட்டீர்களா?

நோயுற்ற பெற்றோருக்குப் பணிவிடை செய்வதில் கல்பாக்கம், புதுப்பட்டினம் வட்டாரத்து முஸ்லிம் பிள்ளைகள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு, விடியற்காலைப் பேருந்தில் தந்தையைத் தாங்கிச் செல்லும் மகனுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

ஆனால், நோய் இன்னதென்று அத்தாவிடம் சொன்னீர்களா?

பல வீடுகளில் சொல்வதில்லை. 'வயிற்றில் புண்' என்று மறைத்துவிட்டு, அறுவையா, கரண்டு வைப்பதா, மருந்தேற்றுவதா என்பதை மூத்த மகனும் மருமகனும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே தீர்மானித்து விடுகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர்; ஐயமில்லை. ஆயினும் அவ்வுடல் இறைவன் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். கடனைத் தீர்க்கவும் வஸிய்யத் எழுதவும் அவருக்கிருந்த அவகாசமும் இம்மறைப்பினால் பறிபோகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாமென அவர்கள் சைகை காட்டியும் வீட்டார் வாயோரத்தில் மருந்தூற்றினர். நோயாளிக்கு மருந்தின்மீது உள்ள இயல்பான வெறுப்பு என்றெண்ணினர். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்து, அப்போது அங்கில்லாத அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள். புகாரியில் பதிவான இச்செய்தியை நாம் மேடைகளில் அதிகம் சொல்வதில்லை.

மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அவர்களே. எனினும் நம் ஷாஃபி மத்ஹபில் அது சுன்னத். குணம் உறுதியில்லாத கடுஞ்சிகிச்சையை முதியவர் மறுத்தால் அது தற்கொலையாகாது. சுயநினைவுள்ள நோயாளி சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுள்ளது.

ஆனால் மறுப்பின் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். அணுமின் நிலையத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டே 'கரண்டு' என்றதும் நடுங்குகிறோம்! உடலில் மின்சாரம் பாய்ச்சுவதன்று அது; கதிர்வீச்சு. பெரும்பாலும் வாரம் 5 நாள், சில வாரங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே. அச்சமா, அலைச்சலா, பேத்தியின் திருமணத்திற்கு வைத்த பணம் கரையுமே என்ற கவலையா? பணமென்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதற்கு அலைவது பிள்ளைகளின் வேலை. சிகிச்சையால் எவ்வளவு காலம் கூடும், அக்காலம் எப்படிக் கழியும் என்பதை மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே கேளுங்கள்.

எல்லாம் அறிந்தபின்னும் அவர் போதும் என்றால், வலியோடு விட்டுவிடுவதென்று பொருளன்று. மார்ஃபின் கிடைப்பதற்கிருந்த சட்டச் சிக்கல்கள் 2014-இல் தளர்த்தப்பட்டன. மருத்துவர் அளந்து தரும் அம்மாத்திரையை ஹராம் என்று வீட்டில் எவரேனும் தடுத்தால், அவரை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் அனுப்பி வையுங்கள்.