ஒரே தேதி, இரண்டு சட்டங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜூன் 16-ஆம் தேதி அரசாங்க விடுமுறை நாள். இளைஞர் தினம் என்று பெயர். 1976-இல் அந்தத் தேதியில்தான் ஜோகன்னஸ்பர்க் நகரை அடுத்த சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸார் சுட்டார்கள். 1994-க்குப் பின் வந்த மக்களாட்சி அதன் நினைவாக விடுமுறை அறிவித்தது. இது பலரும் அறிந்த செய்தி. அதே தேதி அந்நாட்டின் வேறொரு சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி.

1977-இல் நிறவெறி ஆட்சியின் பாராளுமன்றம் ஒரு காப்புச் சட்டம் இயற்றியது. கலவரத்தை அடக்குவதற்காக, நல்லெண்ணத்துடன், அரசு ஊழியர் செய்த எந்தக் காரியத்துக்காகவும் வழக்குத் தொடர முடியாது என்றது அந்தச் சட்டம். அது முன்தேதியிட்டு அமலாக்கப்பட்டது. எந்தத் தேதியிலிருந்து? 1976 ஜூன் 16-லிருந்து! தேதியை இவ்வளவு கச்சிதமாகக் குறித்தவர்களுக்கு, அன்று நடந்தது என்ன என்பது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் தெருவுக்கு வந்ததன் காரணம் பாடமொழி. ஆப்பிரிக்கர் பள்ளிகளில் பாதிப் பாடங்களை ஆங்கிலத்திலும் பாதியை ஆப்பிரிக்கான்ஸிலும் நடத்த வேண்டும் என்று 1974-இல் உத்தரவு பிறந்தது. கணக்கும் சமூகப் பாடமும் ஆப்பிரிக்கான்ஸில். அது ஆண்டவர்களின் மொழி. போலீஸ் நிலையத்தில் அதட்டும் மொழி. ஆசிரியர்கள் பலருக்கே அது சரியாக வராது. ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தமிழ்ப் பெற்றோருக்கு, பழகாத மொழியில் கணக்குப் படிப்பது என்ன பாடு என்று விளக்க வேண்டியதில்லை. சோவெட்டோப் பிள்ளைகளுக்கோ சொந்த மண்ணிலேயே அந்தக் கதி.

1975 வாக்கில் ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவிட்ட அரசு, ஆப்பிரிக்கக் குழந்தைக்குச் செலவிட்டது 42 ராண்ட். இந்தியக் குழந்தைக்கு 189. (1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர் வழிவந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடக்கம்.) தோலின் நிறம் பார்த்து விலை போட்டு வைத்திருந்த ஆட்சி அது.

அன்று காலை ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒர்லாண்டோ ஸ்டேடியத்தை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். வழியில் ஒர்லாண்டோ வெஸ்ட் பகுதியில் போலீஸார் மறித்தார்கள். கண்ணீர்ப் புகை வந்தது; துப்பாக்கியும் வந்தது. 15 வயது ஹேஸ்டிங்ஸ் நிட்லோவு செத்தான். 12 வயது ஹெக்டர் பீட்டர்சன் செத்தான். ஹெக்டரைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓர் இளைஞன் ஓட, பக்கத்தில் அவனுடைய அக்காள் கதறியபடி ஓடுகிறாள். 'தி வேர்ல்ட்' பத்திரிகையின் சாம் நிசிமா எடுத்த அந்தப் படம் உலகமெங்கும் அச்சாயிற்று.

படத்துக்குப் பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். நிசிமா போலீஸ் தொல்லை தாங்காமல் வேலையை விட்டுக் கிராமத்துக்குப் போனார். தூக்கிக்கொண்டு ஓடிய எம்புயிசா மகூபு நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. 1978-இல் நைஜீரியாவிலிருந்து தாயாருக்கு ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. 'தி வேர்ல்ட்' பத்திரிகை 1977 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. சுட்டவனுக்குச் சட்டக் காப்பு. பிள்ளையைத் தூக்கியவனுக்கு நாடு கடந்த ஓட்டம்!

விசாரணைக் கமிஷனும் வைத்தார்கள். கமிஷன் என்றால் இந்திய வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீதிபதி சில்லியேயின் அறிக்கை 1980-இல் வெளியானது. நாடெங்கும் பரவிய கலவரத்தில் 1977 பிப்ரவரி முடிய 575 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 451 பேர் போலீஸ் நடவடிக்கையில் இறந்தவர்கள் என்றும் அது கணக்குச் சொன்னது. கூட்டத்தின் ஆத்திரத்துக்கு இரையானவர்களும் உண்டு. சோவெட்டோ மக்களிடையே பணியாற்றிவந்த டாக்டர் எடல்ஸ்டைன் என்ற வெள்ளையர் முதல் நாளே அடித்துக் கொல்லப்பட்டார். அதை மூடி மறைப்பது நேர்மையல்ல. ஆனால் 451 என்பது அரசாங்கம் நியமித்த நீதிபதியே எழுதிய எண். எண்ணிக்கை கிடைத்தது, பொறுப்பாளி கிடைக்கவில்லை. காப்புச் சட்டம் அதற்கு மூன்றாண்டு முன்பே தயாராகிவிட்டதே!

இந்தத் தைரியம்தான் பின்னால் வந்த கொலைகளுக்கும் வழி செய்தது. 1985 அக்டோபரில் கேப்டவுன் அருகே அத்லோனில், மாணவர் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த தெருவில் ஒரு லாரியை ஓட்டினார்கள். அதன் மேல் மரப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் போலீஸார். கல் விழுந்ததும் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து சுட்டார்கள். மூவர் இறந்தார்கள், இளையவனுக்கு வயது 11. போலீஸார் நடந்துகொண்டது தவறு என்று 1988-இல் மரண விசாரணை சொல்லியும் அரசு வழக்குப் போடவில்லை. பெற்றோரே தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1989-இல் எல்லாரும் விடுதலை.

பிறகு ஆட்சி மாறியது. ஆர்ச்பிஷப் டுட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்கக் கமிஷன் 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டால் மன்னிப்பு, இல்லாவிட்டால் வழக்கு என்பது ஏற்பாடு. இதை வெறும் சமரசம் என்று தள்ளிவிட முடியாது. உள்நாட்டுப் போரில் எரிந்திருக்க வேண்டிய நாட்டை அது காப்பாற்றியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மன்னிப்புக் கேட்டு மனுக் கொடுத்தார்கள், பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மனுவே கொடுக்காதவர்களும் ஏராளம். சுமார் 300 வழக்குகளை மேல்நடவடிக்கைக்காக அரசு வழக்குத் துறையிடம் கமிஷன் ஒப்படைத்தது. அவற்றில் விசாரணைக்கு வந்தவை மிகச் சில.

இங்கேதான் புதிய அரசின் மீதும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரத்தின் முதல் பாதி நிறைவேறியது. இரண்டாவது பாதி பீரோவில் தூங்கியது. வாய் திறந்தவன் மன்னிப்புப் பெற்றது நியாயம் என்றால், வாய் திறக்காதவனும் அதே சுகத்தை அனுபவிப்பது என்ன நியாயம்? 2003-இல் ஆளுக்கு 30,000 ராண்ட் கொடுத்தார்கள். கமிஷன் சிபாரிசு செய்ததைவிட அது மிகக் குறைவு. பழைய புண்ணைக் கிளறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள், பெரும்பாலும், புண் பட்டவர்களாக இருப்பதில்லை.

2025 ஜனவரியில் பலியானோர் குடும்பங்கள் சில நீதிமன்றத்துக்குப் போயின. வழக்குகளை வேண்டுமென்றே முடக்கினார்களா என்று விசாரிக்க அதே ஆண்டு ஜனாதிபதி ரமபோசா ஒரு கமிஷன் நியமித்தார். மறுபடியும் கமிஷன்! ஆனால் 2025-இலேயே ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1982-இல் மாணவர் சங்க இளைஞர் நால்வரை ஏமாற்றிக் கூட்டிச் சென்று, குண்டு வைத்து அவர்களில் மூவரைக் கொன்ற வழக்கில், மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவிலும் விசாரணை நடக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

மீதி வழக்குகளையும் இந்த வழியில் கொண்டுவர, புதிய கமிஷனின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோப்புகள் வழக்குத் துறையிடம்தான் இருக்கின்றன. காலம்தான் அதிகமில்லை. 1976 ஜூன் 16 அன்று இருபது வயதில் துப்பாக்கி பிடித்தவருக்கு, 2026 ஜூன் 16 அன்று எழுபது வயது.