எதையெல்லாம் எடுப்பது?

ஆங்கிலத்தில் 'டேக்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவனும் அதற்கு 'எடு' என்று பொருள் எழுதுவான். அது பிழையன்று. ஆயின் அச்சொல் அவ்வொரு பொருளோடு நிற்பதன்று. ஆங்கிலேயன் நூலை எடுப்பதும் அவ்வினையாலேயே. மருந்து உண்பதும், குளிப்பதும், தேர்வு எழுதுவதும், பேருந்தில் ஏறுவதும், இருக்கையில் அமர்வதும், உறுதி பூணுவதும், பழி வாங்குவதும் அவ்வினையாலேயே! ஒரு சிறு சொல்லை அதன் பின் ஒட்டினால் பொருள் மேலும் திரியும். 'ஆப்' சேர்ந்தால் வானூர்தி மேலெழும். சட்டையைக் கழற்றுவதும் அதுவே. 'ஆப்டர்' சேர்ந்தால் மகன் தந்தையை உரித்துவைத்தாற்போல் இருப்பான். 'இன்' சேர்ந்தால் அடைக்கலம் தருதலும் ஆகும், ஏமாற்றுதலும் ஆகும்.

இத்துணைப் பொருள்களையும் சுமக்கும் அச்சொல் ஆங்கிலேயர்க்கு உரிமையானதா எனின், அன்று! பழைய ஆங்கிலத்தில் எடுத்தலைக் குறித்த சொல் 'நிமன்' என்பது. செருமானியரின் 'நேமன்' அதன் உடன்பிறப்பு; இன்றும் உயிரோடு வழங்குகிறது. 793ஆம் ஆண்டில் இலிண்டிசுபார்ன் துறவியர் மடத்தைத் தாக்கிய வடகடல் மறவர், பின்னர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, அந்நாட்டு மக்களோடு மணவுறவும் கொண்டனர். அவர்தம் 'தாக்க' என்னும் வினையே 'டேக்' ஆயிற்று. சில நூற்றாண்டுகளில் அது 'நிமன்' என்பதைப் பொதுவழக்கினின்றே ஒழித்துவிட்டது. மரத்துப்போதலைக் குறிக்கும் 'நம்ப்', சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' ஆகிய இரண்டும் அவ்விறந்த வேரின் எச்சங்கள். நாள்தோறும் நாவில் புரளும் அடிப்படை வினையும் ஒரு மொழியில் மாண்டுபோகக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனித் தமிழ்நாட்டு நிலையைக் காண்க. அலுவலர் 'முடிவு எடுக்கிறார்'. அமைச்சர் 'முயற்சி எடுக்கிறார்'. ஆசிரியர் 'வகுப்பு எடுக்கிறார்'. நோயாளி 'மருந்து எடுத்துக்கொள்கிறார்'. பின் 'ஓய்வு எடுக்கிறார்'. பணி முடிய 'நேரம் எடுக்கிறது'. இவற்றுள் வரும் சொற்கள் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களே. ஆனால் அவற்றைப் பிணைத்த கயிறு ஆங்கிலக் கயிறு! முடிவு செய்தல், முயலுதல், பாடம் நடத்துதல், மருந்து உண்ணுதல், இளைப்பாறுதல், நேரம் ஆதல் என ஒவ்வொன்றிற்கும் உரிய வினை தமிழில் இருக்க, அனைத்தையும் 'எடு' என்னும் ஒரு முளையில் கட்டுவது ஏன்? பேருந்தில் ஏறி வந்தவர் 'பேருந்தை எடுத்து வந்தேன்' என்கிறார். தமிழறிந்தார் காதில் அவர் ஓட்டுநர் என்றன்றோ விழும்!

இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'கூட்டம் இடம்பெற்றது' என்பது நிலைத்த வழக்காகிவிட்டது. இதுவும் அதே ஆங்கில வினையின் மற்றொரு மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவே. பட்டியலில் ஒருவர் பெயர் இடம்பெறலாம்; கூட்டமோ நடைபெறும், நிகழும்.

இங்கு ஒன்று தெளிதல் வேண்டும். 'எடு' என வரும் தொடரெல்லாம் ஆங்கிலத்தின் நிழல் என்று கொள்ளற்க. பசி எடுத்தல், பிறவி எடுத்தல், பெயர் எடுத்தல், படை எடுத்தல், விழா எடுத்தல், பெண் எடுத்தல், ஓட்டம் எடுத்தல் என்பன தமிழின் சொந்த மரபுகள். இவற்றுள் 'பசி எடுத்தல்' என்பதை ஆங்கிலத்தில் அவ்வாறே பெயர்த்தால் ஆங்கிலேயன் நகைப்பான். அந்நகைப்பே உரைகல். ஆங்கிலம் அறியாத உழவரும் மூதாட்டியும் எவ்வாறு சொல்வர் என்று செவிசாய்த்தால் போதும். எது தமிழ் மரபு, எது பெயர்ப்பு என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஒரு வினையில் பல பொருளை ஏற்றுவது ஆங்கிலத்தின் இயல்பு. அது அம்மொழிக்குக் குறையன்று. பொருள் வேறுபாட்டிற்கேற்ப வினையை வேறுபடுத்துவது தமிழின் இயல்பு. கொடுத்தல் ஒன்றற்கே இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்க வேண்டும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வேற்றத்தாழ்வு இன்று வேண்டா. அவ்வரையறையில் விளங்கும் சொல் நுட்பம் வேண்டும். உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எனப் பிரித்த மொழி இது. மருந்திலும் குடிநீரைக் குடிப்பர், குளிகையை விழுங்குவர், இளகியத்தை நக்குவர், பற்றைப் பூசுவர். மூன்று வேளையும் 'எடுத்துக்கொள்க' என்று மட்டும் எழுதினால், பூசுவதை விழுங்குவாரும் இருத்தல் கூடுமன்றோ?

'மொழி வளர்வது, மாறாத மொழி உண்டோ?' என்பார் சிலர். வளர்ச்சியை எவரும் மறுக்கவில்லை. இல்லாத ஒன்றைப் பெறுவது வளர்ச்சி. இருக்கும் பத்து வினைகளை மறந்து ஒன்றைப் பத்து முறை சொல்வது தேய்வு.

1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியால் வடசொற்கள் பல விலகின. கடன்சொல் கண்ணுக்குப் படும். அதனைக் களைவது எளிது. கடன்மரபோ தமிழாடை உடுத்து வரும். அதனைக் காவலரும் வணங்கி உள்ளே விடுவர். 'பரீட்சை எழுதினான்' என்று மாணவன் எழுதினால் தமிழாசிரியரின் செம்மை கோடிடுகிறது. 'தேர்வு எடுத்தான்' என்று எழுதினால் கோடில்லை. முன்னதில் ஒரு சொல் அயல்; பின்னதில் சிந்தனையே அயல்! தூய தமிழ் பேணும் ஏடுகளிலும் 'நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்னும் தொடர் தயக்கமின்றி நடமாடுவது வருந்தத்தக்கது.

இன்று மொழிபெயர்ப்பைக் கணிப்பொறியும் செய்கிறது. அது மாந்தர் எழுதிவைத்த எழுத்தினின்றே கற்கும். எழுதுவோர் எல்லாவற்றையும் 'எடுத்தால்' கருவியும் எடுக்கும். அக்கருவியின் எழுத்தைப் படித்து வளரும் பிள்ளைகளும் எடுப்பர். அப்போது 'பூணுதல்', 'மேற்கொள்ளுதல்', 'இளைப்பாறுதல்' என்பன அகரமுதலியில் மட்டும் உறங்கும். 'நிமன்' என்பதற்கு நேர்ந்தது தமிழ் வினைகளுக்கும் நேரும். அங்கேனும் குடியேறியவர் ஊர்தோறும் கலந்து வாழ்ந்தனர் என்னும் கரணியம் உண்டு. இங்கு உள்ளது சோம்பல் ஒன்றே.

ஆகவே ஆசிரியர்கள் சொல்லைத் திருத்துவதோடு நில்லாது தொடரையும் திருத்துக. மொழிபெயர்ப்போர் ஆங்கில வினையின் முதற்பொருளைப் பற்றி ஓடாது, அத்தொடர் குறிக்கும் செயலைக் கருதி, அச்செயலுக்குத் தமிழர் வழங்கும் வினையைத் தேடுக. செய்தித்தாளினர் ஒருநாள் இதழில் 'எடு' வரும் இடங்களை எண்ணிப் பார்த்து, எத்தனை இடத்தில் அது வேண்டும், எத்தனை இடத்தில் வேண்டா என்று தாமே தீர்மானிக்க.

பசி எடுக்கட்டும், படை எடுக்கட்டும், விழா எடுக்கட்டும். முடிவைச் செய்க, முயற்சியை மேற்கொள்க, உறுதியைப் பூணுக!