டன் கணக்கு கேட்காத ஊர்க்காரர்கள்

அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் எந்த முதலாளியும் உண்டாக்கியதல்ல. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலின் சிப்பிகள் படிந்து இறுகிய கல் அது. கல்லங்குறிச்சிப் பக்கம் அந்தச் சிப்பிகளைக் கையாலேயே பொறுக்கலாம். ஆலை நடத்துகிறவரின் முதலீட்டுக்கும் திறமைக்கும் உரிய லாபத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பல தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டாலும் தீராத செல்வம் சிலரிடம் சேரும்போது, அதில் கல்லுக்கு எவ்வளவு, கல் கிடந்த ஊருக்கு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் அரியலூர், பெரம்பலூர்க்காரர்களாகிய நாம். கேட்கவில்லை.

நாம் கேட்டதெல்லாம் வேறு. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டோம். பையனுக்குக் காண்ட்ராக்டிலாவது ஒரு வேலை கேட்டோம். கொடுத்தவரை வள்ளல் என்று பேனரில் போட்டோம். உரிமையாக வரவேண்டியதைத் தானமாக வாங்கிப் பழகினோம். அதுதான் நாம் செய்த பெரிய குற்றம்.

கணக்கொன்றும் கடினமில்லை. 2014இல் திருத்தியபடி, சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். ஒரு மூட்டை சிமென்டுக்கு எழுபது கிலோ கல் போகிறது என்று வைத்தாலும் ராயல்டி ஆறு ரூபாயைத் தொடாது. பழைய குத்தகைக்காரர்கள் அந்த ராயல்டியில் 30 சதவீத அளவை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. அதாவது டன்னுக்கு 24 ரூபாய். அதில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்குப் போகவேண்டும் என்றார்கள். கிராமசபையில் நாம் தெருவிளக்கைப் பற்றிப் பேசினோம், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டோம், வீட்டுக்கு வந்தோம். அந்த 24 ரூபாயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதே ஆண்டு பட்ஜெட்டில், 1957 முதல் இருந்த செல்வ வரியை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் வரி. வருமானத்துக்கு வரி உண்டு, குவித்து வைத்ததற்கு இல்லை. அதையும் நாம் கவனிக்கவில்லை.

இன்னும் நெருக்கமானது ஒரு வழக்கு. ராயல்டியையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1958ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டப்படி உள்ளாட்சிக்காக வசூலித்த செஸ்ஸை எதிர்த்து இந்தியா சிமென்ட்ஸ் வழக்காடியது. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்த செஸ் செல்லாது என்றார்கள். நம் பஞ்சாயத்துகளின் பணம் அது! 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. பிறகு மாநில அரசு சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் நிலவரி போட்டு, அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூட்டை விலை ஏறுமே என்று கவலைப்பட்டோம். அந்த 160இல் நம் ஊருக்குத் திரும்புவது எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை.

செந்துறை வட்டம் தளவாயில் ஆலை வைத்திருந்த அதே இந்தியா சிமென்ட்ஸ்தான் 2008இல் 9.1 கோடி டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை எடுத்தது. நம் பிள்ளைகள் மஞ்சள் பனியன் போட்டு விசிலடித்தார்கள், நாமும்தான். விளையாட்டை ரசித்ததில் தப்பில்லை. அவ்வளவு பணம் திரளும் இடத்தில் தளவாய்க் கல்லுக்கும் ஒரு பங்கு இருக்குமே என்று நினைத்துக்கூடப் பார்க்காததுதான் தப்பு. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனியே அல்ட்ராடெக் வசம் போனது. நமக்கு அது பேப்பரில் படித்து மடித்துவைத்த செய்தி.

பெரம்பலூர் பக்கம், திருமாந்துறை வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று வாங்கிய நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. நிலத்தைக் கொடுத்தவர்கள் போராடினார்கள். பக்கத்து ஊர்க்காரர்களான நாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனோம்.

அடுத்த கிராமசபைக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். நம் எல்லைக்குள் எத்தனை டன் வெட்டினார்கள், அறக்கட்டளைக்கு எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு எவ்வளவு செலவானது, வெட்டி முடித்த குழிகளுக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்போம். பதிலைச் சபையில் சத்தமாகப் படிக்கும்வரை தீர்மான நோட்டில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம்.