விளங்காத விளக்கம்

பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், அந்தி வேளையில் விளக்கேற்றுகிறோம், பள்ளியில் உபாத்தியாயர் பாடத்தை விளக்குகிறார். இந்நான்கிற்கும் தமிழர் ஒரே சொல்லை வழங்கி வருவது தற்செயலன்று. விளங்குதல் என்பது ஒளிவிடுதல். விளக்குதல் என்பது ஒளிவிடச் செய்தல். அடங்கு, அடக்கு என்பது போன்ற ஜோடி இது. தெலுங்கில் ஒளியைக் குறிக்கும் வெலுகு என்பதும் இதன் உறவுச் சொல்லே. வாசல் பெருக்கும் விளக்குமாற்றின் பெயரும் இவ்வழி வந்ததுதான். அதை இழிபொருளாக எண்ணுவோர் கவனிப்பார்களாக.

புளியிட்டுத் தேய்க்கும் பெண்மணி பித்தளைக்குப் புதிதாக ஒளியைக் கொடுத்துவிடுவதில்லை. களிம்பை நீக்குகிறாள், ஒளி பித்தளையினுடையது. பொருளை மறைக்கும் மாசை அகற்றுவதே விளக்கம் என்று நம் முன்னோர் கருதினர் போலும். தழைக்காத குடும்பத்தை விளங்கவில்லை என்கிறோம். யாழ்ப்பாணத்தாரோ, நாம் ‘புரிகிறதா’ என்று கேட்கும் இடத்தில் இன்றும் ‘விளங்குகிறதா’ என்றே கேட்கின்றனர்.

இச்சொல்லுக்கு நமது சர்க்கார் காரியாலயங்களில் நேர்ந்துள்ள கதியை என்னென்பது! தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் பயனாக எழுத்து தமிழாயிற்று. வாக்கியமோ ஆங்கிலமாகவே நிற்கிறது. ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்று எந்தத் தமிழனாவது தன் அண்டை வீட்டாரிடம் பேசியதுண்டா? பட்டா மாற்றம் கோரும் குடியானவர் இத்தகைய கடிதத்தை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்வாரைத் தேடி அலைகிறார். கூலி கொடுத்துப் பதில் எழுதுவிப்போரும் உளர். தவணை தவறினாலோ, அவரிடமே ‘விளக்கம்’ கேட்டு மறு கடிதம் வருகிறது! விளங்காமல் எழுதியவர் ஒருவர். விளக்கம் தர வேண்டியவர் மற்றொருவர். இது என்ன நியாயம்?

பிறமொழிச் சொற்களைக் களைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்போர் உளர். ஒரு கடுஞ்சொல்லை எடுத்துவிட்டு அதனினும் கடியதொன்றை வைப்பதால் களிம்பு போய்விடாது. ‘ஜாமீன்’ ஜனங்களுக்கு விளங்குமாயின் அது இருந்துவிட்டுப் போகட்டும். கோளாறு பெரும்பாலும் வாக்கிய அமைப்பில் இருக்கிறது.

சர்க்காரிடம் நாம் கோருவது பெரிய செலவுள்ள காரியமன்று. குடிகளுக்குப் போகும் அச்சுப் படிவம் ஒவ்வொன்றையும், உத்தியோக சம்பந்தமில்லாத நாலு பேரிடம் முதலில் வாசித்துக் காட்டட்டும். அவர்கள் தயங்குமிடத்தை மாற்றி எழுதட்டும். குடியானவர் செய்ய வேண்டியது யாது, எந்தத் தேதிக்குள், யாரிடம் என்னும் மூன்றும் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கட்டும். அவ்வாறு எழுதாத கடிதத்திற்குப் பதில் வரவில்லையென்று எவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாகாது.