மின்சாரம் நம் தெருவுக்கு வந்துவிட்டது. மின்னியல் எப்போது வரும்?

சென்ற ஆண்டு ஆனி மாதம் நம் தெருப் பெண் ஒருத்தி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். தாய் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பிளஸ் டூவில் இயற்பியலைத் தமிழில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். கார்த்திகை பிறந்தபோது வீட்டில் இருந்தாள். ஏம்மா போகவில்லை என்று கேட்டோம். "போர்டுல எழுதுறது தெரியுதுண்ணா. சார் சொல்றதுதான் ஒண்ணும் புரியல. எழுந்து கேட்டா கிளாஸே திரும்பிப் பார்க்குது" என்றாள்.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. மின்காந்தத் தூண்டல் என்றால் என்னவென்று அவள் நமக்கே விளக்கியிருக்கிறாள். கல்லூரியில் அதற்குப் பெயர் 'எலக்ட்ரோமேக்னடிக் இண்டக்‌ஷன்'. அவள் அறிந்த அதே பாடம், அடையாளம் தெரியாத உடுப்பில் வந்து எதிரே நின்றது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல முதல் மாதத்தில் அங்கே ஓர் ஆளில்லை.

இதில் நம் தவறும் உண்டு. "பிசிக்ஸ் நமக்கு எதுக்கு? தமிழோ வரலாறோ எடு, அப்படியே போலீஸ் பரீட்சை எழுது" என்று பிள்ளைகளிடம் சொன்னவர்கள் நாம். நாமும் தமிழ் முதுகலைதான் படித்தோம். தமிழ்மீது காதல் இருந்தது உண்மை. இயற்பியல் வகுப்பின் வாசலிலேயே பயந்து திரும்பியதும் உண்மை. அந்தப் பயத்தை அடுத்த தலைமுறைக்கும் புத்திமதியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எதற்கு என்ற கேள்விக்கு நம் தெருவிலேயே பதில் இருக்கிறது. மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியை மிதிப்பது யார்? காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் விடியற்காலையில் விழுந்து கிடப்பது யார்? கூலி வேலைக்குப் போகும் நம் ஆட்கள் அதில் நிறையவே உண்டு. விதி என்று அழுதுவிட்டு அடக்கம் செய்கிறோம். அங்கே இருந்தது தலைவிதி அல்ல, ஓம் விதி.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். உடம்பு நனைந்துவிட்டால் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். மனித உயிரைக் காக்க வீட்டில் பொருத்தும் கசிவுத் தடுப்பு சுவிட்ச், கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்படுகிறது. குடிசையில் எரிந்த பழைய 40 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொண்டதே சுமார் 174 மில்லி ஆம்பியர். அதில் ஆறில் ஒரு பங்கு ஓர் ஆளைச் சாய்க்கப் போதும். கல்லூரியின் முதல் மின்னியல் பாடம் இது. சேற்றில் நின்று மோட்டார் சுவிட்சைப் போடுகிறவர்களுக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் படிப்பை உண்டாக்கியவர்கள் எல்லாரும் மாளிகையில் பிறந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். மைக்கேல் ஃபாரடே இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துத்தான் மின்சாரத்தை அறிந்தார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தானே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு உதவியாளர் வேலை கிடைத்தது. ஐரோப்பியப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். அதே ஃபாரடே 1831இல், காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். மேட்டூர் அணையில் சுழலும் ஜெனரேட்டர் முதல் நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை அந்த ஒரு கண்டுபிடிப்பில்தான் ஓடுகின்றன. அவருக்கு உயர் கணிதம் தெரியாது. அவர் கண்டதற்குப் பின்னால் கணக்கு எழுதியவர் மேக்ஸ்வெல். கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பொருள் புரியட்டும், கணக்கு பின்னால் வரும்.

நம் நாட்டுக்கு வருவோம். மேகநாத் சாகா 1893இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட சாதி. கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு சேர்ந்து சாப்பிட மறுத்தார்கள். அதே மனிதர் 1920இல், நட்சத்திரங்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தையும் உள்ளிருக்கும் பொருளையும் அறிய வழிகாட்டும் சமன்பாட்டைத் தந்தார். வானியற்பியல் படிக்கிற எவரும் சாகா சமன்பாட்டைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதையாக மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் பாசனமும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்பது அவர் வாதம். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அவர் துறையில் அடித்தளம் போடப்பட்டது. அந்த நதியின் வெள்ளத்தை ஆராய அமைத்த குழுவில் சாகாவும் ஓர் உறுப்பினர். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத சமூகத்தில் வளர்ந்தவர், நாட்டின் நதிநீரையும் மின்சாரத்தையும் திட்டமிட்டார். டிசம்பர் 6இல் சிலைக்கு மாலை போடும்போது இதையும் சொல்லிக் கொடுப்போம்.

கல்லூரி ஆய்வகத்தில் நடப்பதையும் பேச வேண்டும். கருவி குறைவு என்பதால் ஒரு கருவிக்கு மூன்று நான்கு பேர். பொட்டன்ஷியோமீட்டரில் கை வைப்பது ஒருவர், ரீடிங் எழுதுவது இன்னொருவர். மாலைப் படிப்பகத்துக்கு வரும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலோர் "நான் எழுதுவேண்ணா" என்கிறார்கள். உடைந்தால் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயம் ஒன்று. "நீ தள்ளு, நான் பார்க்கிறேன்" என்ற குரல் இன்னொன்று. மூன்று வருடம் முடிந்து பட்டம் கைக்கு வருகிறது. கருவி கைக்கு வரவில்லை. காந்தம் தொடாமலே இழுக்கும், அது இயற்கை. ஒருவரைத் தொடவிடாமல் வைப்பது சாதி. அதற்கு ஆய்வகத்தில் இடம் கொடுக்கக் கூடாது.

கடைசி ஆண்டில் நவீன இயற்பியல் வருகிறது. ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்று கொண்டால்தான் ஒளிமின் விளைவு புரியும் என்று ஐன்ஸ்டீன் 1905இல் சொன்னார். சோலார் பலகையைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கருத்து வேண்டும். அரை ஆயுட்காலமும் அந்த ஆண்டுப் பாடம்தான். சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டு ஆகும். 60 ஆண்டில் கால் பங்கு, 90 ஆண்டில் அரைக்கால் பங்கு மிஞ்சும். கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கிற மாநிலத்தில், கதிர்வீச்சு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று எண்ணைச் சொல்லிக் கேட்க நம் பக்கத்திலும் ஆள் வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதல் மாதம் முழுக்கக் கலைச்சொல் வகுப்பு நடத்துங்கள். தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே அச்சிட்ட ஒரு கையேடு கொடுங்கள். ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு சோதனையையும் தன் கையால் செய்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு மாலை கூடுதலாக ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் மாலை நேர ஆசிரியரைப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முதல் பருவத்தில் அரியர் விழுந்தால் படிப்பு முடிந்துவிடாது. புரியாததை எழுந்து கேளுங்கள். கிளாஸ் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

அந்தப் பெண் இப்போது மாலை நேரத்தில் எங்கள் படிப்பகத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மின்சுற்று சொல்லிக் கொடுக்கிறாள். பக்கத்தில் கல்லூரிப் புத்தகமும் விரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதி வருகிறாள். வரும் ஆனியில் மறுபடி சேர மனு எழுதியாகிவிட்டது. கல்லூரி என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.