கட்டிலில் கிடத்துவதா அன்பு?

"வயதாகிவிட்டது; இனி நடந்து என்ன செய்யப்போகிறார்?" இடுப்பெலும்பு முறிந்த முதியோரைக் குறித்து வில்லாபுரத்து இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. இரக்கம்போல் ஒலிக்கும் இச்சொல் உண்மையில் ஒரு தண்டனைத் தீர்ப்பு.

மருத்துவம் கூறுவது வேறு. தடையேதும் இல்லையெனில், அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுந்து நிற்கச் செய்யவேண்டும். படுத்தே கிடந்தால் தசை கரையும். முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். இம்முறிவு கண்ட முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். பிழைத்தோர் நடை மீள மாதக்கணக்கில் பயிற்சி தேவை. நாமோ, தையல் பிரித்ததும் கடமை முடிந்ததென்று கட்டிலைச் சுவரோரம் நகர்த்துகிறோம்!

1994 ஏப்ரலில், 73 வயதில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்குத் தொடையெலும்பு முறிந்து செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டது. 1995 சனவரியிலோ அவர் மணிலாவிலும் கொழும்பிலும் இருந்தார்.

"அவருக்கு வசதி இருந்தது, நமக்கு?" என்பீர்கள். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? கழிவறையில் ஒரு கைப்பிடி, நாளும் ஒரு முட்டை, காலையும் மாலையும் தாங்கி நடத்தப் பேரனின் தோள்: இவற்றுக்குமா வசதியில்லை?

அழகுவாயிலில் பேதுரு வெறும் ஆறுதல் சொல்லிக் கடந்து போகவில்லை. வலக்கையைப் பற்றித் தூக்கிவிட்டார். நம் வீட்டு முதியோர் நீட்டும் கையைப் பற்றாமல், அவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றி என்ன பயன்?